தகுதிகாண் போட்டியும் ஒரு கையொப்பமும்

வடகீழ்ப் பருவமழை ஓயுந் தறுவாயிலிருந்த 2024 தை மாதத்து வெள்ளிக்கிழமை மாலையொன்றில், திருகோணமலை உவர்மலையிலுள்ள ஒரு வீட்டின் முன்விறாந்தையில் இருவர் ஒரு கைத்தொலைபேசியின் சிறு திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் ஐம்பத்துமூன்று வயதான பெண்மணி. துறைமுகத்தை அண்டிய அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றுபவர். மற்றவள் அவரது பெறாமகள், பதினாறு வயதினள். தாய் தொழில்நிமித்தம் வளைகுடா நாடொன்றிலிருக்க, பெரியம்மாவின் பொறுப்பில் வளர்பவள். இருவருக்குமிடையே கிடந்த மேசையில், மாவட்ட ஹொக்கி அணித் தெரிவுக்கான ஒப்புதற் கடிதம் நான்கு நாட்களாகக் கையொப்பமின்றிக் கிடந்தது.

திரையிற் தெரிந்தது இந்தியாவின் ராஞ்சி நகர். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான மகளிர் ஹொக்கித் தகுதிகாண் போட்டி அங்கு தை 13 ஆந் திகதி தொடங்கியிருந்தது. எட்டு நாடுகள் பங்குபற்றின; பாரிசுக்குச் செல்லும் இடங்களோ மூன்றே. ஜேர்மனியும் ஐக்கிய அமெரிக்காவும் இறுதியாட்டத்தை எட்டியதன் மூலம் முதல்நாளே தம் இடங்களை உறுதி செய்துவிட்டன. எஞ்சிய ஓரிடத்துக்காக 19 ஆந் திகதி இந்தியாவும் ஜப்பானும் மோதின.

தகுதிகாண் போட்டி ஏனைய போட்டிகளினின்றும் வேறுபட்டதொன்று. இறுதியாட்டத்தில் தோற்றவருக்கு வெள்ளிப் பதக்கமாவது கிடைக்கும். அவர்தம் பெயர் ஏட்டிலேறும். தகுதிகாண் போட்டியில் கடைசிப் படியில் இடறியவருக்கோ கிடைப்பது ஏதுமில்லை. நான்காண்டு உழைப்பு அறுபது நிமிட ஆட்டத்தில் முடிந்துவிடும். 2019 கார்த்திகையில் புவனேசுவரத்தில் இதே இந்திய அணி அமெரிக்காவை முதல்நாள் 5-1 என வென்று, மறுநாள் 1-4 எனத் தோற்றது. மொத்தக் கணக்கில் 6-5. இரண்டாம் நாளின் இடைவேளையில் அமெரிக்கா நான்கு கோல்களைப் போட்டு முதல்நாள் முன்னிலை முழுவதையும் அழித்திருந்த வேளை, தலைவி ராணி ராம்பால் அடித்த ஒற்றைக் கோலே அவ்வணியைத் தோக்கியோவுக்கு அனுப்பியது. அங்கு அவ்வணி அவுஸ்திரேலியாவை வீழ்த்தி நான்காமிடம் பெற்றது. அந்த ஒரு கோல் இல்லையேல் அவ்வரலாறே இல்லை.

ஆயினும், தகுதியென்பது ஆட்டக்காரியின் கையிலுள்ள மட்டையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதொன்றன்று. ஆடவர் ஹொக்கி 1908 இல் இலண்டன் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. மகளிருக்கு அவ்வாசல் திறப்பதற்கு மேலும் எழுபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1980 இல் மொஸ்கோவில் அது திறந்தபோதும், அதனுட் புகவேண்டியோர் பலர் புகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்தமையைக் கண்டித்து அமெரிக்கா முதலிய நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால், உலகின் முன்னணி மகளிர் அணிகள் பல வீட்டிலேயே தங்கின. வெற்றிடத்தை நிரப்பப் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில் அழைக்கப்பட்ட சிம்பாப்வே, ஆறு அணிகளுள் முதலாவதாக வந்து தங்கம் வென்றது. இந்தியா நான்காமிடம் பெற்றது. அழைப்பு வந்தமையால் ஆடியோர் வரலாறாயினர். ஆற்றலிருந்தும் அனுமதிக்கப்படாதோர் அடிக்குறிப்புமாகவில்லை.

இவ்வாறு அனுமதிக்கப்படாதோரை ஒலிம்பிக் வரலாற்றில் மட்டுந் தேடவேண்டியதில்லை. உவர்மலை வீட்டின் விறாந்தையிலும் ஒருவர் இருந்தார்.

திருகோணமலை 1957 ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளம். உட்துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த அக்கடற்படையினர் ஆடிய ஆட்டங்களுள் ஹொக்கியும் ஒன்று. அவர்கள் சென்ற பின்னரும் மட்டைகள் ஊரை விட்டு நீங்கவில்லை. 1985 இல், பதினைந்து வயதில், அப்பெண்மணி தம் பாடசாலை அணியின் வலப்புற முன்வரிசை ஆட்டக்காரி. கோடையிற் புழுதியும் மாரியிற் சேறுமான மைதானத்தில் ஆடிப் பழகிய அவ்வணி, மாவட்டத்தில் வென்று கொழும்பில் ஆடுவதற்குத் தகுதி பெற்றது. கொழும்பை அதற்குமுன் கண்டிராத எண்மர் அவ்வணியிலிருந்தனர். வெள்ளைக் காலுறைகள் வாங்குவதற்கென வீட்டுக்கு வீடு பணம் சேர்த்தனர். புறப்படவிருந்த வாரத்தில் நகரில் வன்செயல் மூண்டது, ஊரடங்கு பிறந்தது, பாதைகள் அடைபட்டன. ஒழுங்குசெய்த பேருந்து வரவேயில்லை. போட்டி அவர்களின்றியே நடந்து முடிந்தது. மறுவருடம் பாடசாலை திறந்தபோது அணியிற் பாதிப்பேர் ஊரிலில்லை. சிலர் படகேறித் தமிழகத்து முகாம்களுக்குச் சென்றிருந்தனர். காலுறைகள் உறை பிரிக்கப்படாமலே பழுதாயின.

அத்தகைய ஒருவர் தம் பெறாமகளின் கடிதத்தில் உடனே கையொப்பமிட்டிருப்பார் என எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறிருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சை வைகாசியில் வரவிருந்தது. பயிற்சி முடிந்து வீடு திரும்ப இருளாகிவிடும். தங்கையோ ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைக்கும்போதும், “விளையாட்டு இனிப் போதும்” என்றாள். பெரியம்மாவுக்கும் அது சரியெனவே பட்டது. இவற்றுள் எந்தக் காரணமும் பொய்யன்று. ஆயினும், அடைக்கப்பட்ட வாசலின்முன் நெடுநாள் நின்றோர், தம்மையறியாமலே அவ்வாசலின் காவலராகி விடுவதுமுண்டு. தாம் இழந்ததை இழப்பென ஒப்புக்கொள்வதிலும் பார்க்க, அது அத்துணை பெரிய விடயமன்று எனப் பிறருக்குக் கூறுவது இலகுவானது.

ஆட்டந் தொடங்கி ஆறாம் நிமிடத்திலேயே ஜப்பானுக்குப் பெனல்ட்டி கோர்ணர் கிடைத்தது. கோல் கம்பத்தின் பக்கத்துக் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே மற்றொருத்தி நிறுத்த, வேறொருத்தி அடிப்பாள். தடுப்பதற்குக் காப்பாளருடன் ஐவர் மாத்திரமே உளர். கானா உராதா அடித்த பந்து கோலாயிற்று. அதன்பின் மைதானத்திற் பெரும்பாலும் ஆதிக்கஞ் செலுத்தியது இந்தியாவே. பெனல்ட்டி கோர்ணர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன, ஒன்றாயினும் கோலாகவில்லை. “பந்து நிக்கமுன்னம் அடிக்கப் பாக்கினம்” என்று பெரியம்மா தம்மையறியாமலே முணுமுணுத்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக மட்டை பிடித்திராத அவரது வலக்கை மணிக்கட்டு மேசையோரத்தில் மெல்லத் திரும்பிற்று. பெறாமகள் திரையை விட்டு அதனையே பார்த்தாள்.

ஆட்டம் நடைபெற்ற மைதானம் 1928 இல் இந்திய ஆடவர் அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங் முண்டாவின் பெயரைக் கொண்டது. அந்த ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிம்டேகா, குந்தி மாவட்டங்களின் ஆதிவாசிக் கிராமங்களிலிருந்து வந்த சலிமா தேத்தேயும் நிக்கி பிரதானும் அன்று தம் மண்ணிலேயே ஆடினர். பார்வையாளர் ஆரவாரம் இறுதிவரை ஓயவில்லை. ஆயினும் ஆட்டம் 1-0 என முடிந்தது. முதல்நாள் அரையிறுதியில் ஜேர்மனியுடன் 2-2 எனச் சமநிலை கண்டு, தனியாள் மோதலில் 4-3 எனத் தோற்றிருந்த அவ்வணிக்கு, அடுத்தடுத்த இருநாட்களில் இருமுறை வாசல் மூடியது. தலைவியும் கோல் காப்பாளருமான சவிதா புனியாவின் அணி பாரிசுக்குச் செல்லவில்லை.

இலங்கை மகளிருக்கு அந்த ராஞ்சி வாசலே இன்னும் தொலைவிலுள்ளதொன்று. ஆசிய ஹொக்கி சம்மேளனக் கிண்ணத்தில் முன்னேறினால் ஆசியக் கிண்ணம். இத்தகைய தகுதிகாண் போட்டி அதனினுந் தொலைவிலுள்ளது. 2016 இல் குவாகாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவிடம் 10-0 எனத் தோற்று வெள்ளி பெற்றது. 1976 இல் மொன்றியலில் ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைப் புற்றரைக்கு மாறியது முதல், அத்தரையில் நாளும் பயிலாதோர் சர்வதேச ஆட்டத்தில் ஈடுகொடுத்தல் அரிதாயிற்று. சேற்றில் உருளும் பந்து ஒரு வேகம். நனைத்த செயற்கைத் தரையில் வழுக்கும் பந்து மற்றொரு வேகம். வாசலுக்கு முன் வாசலாக இத்தனை இருக்கையில், முதலாவது வாசலை வீட்டிலேயே அடைத்துவிடுதல் நியாயமாகுமா?

இக்கேள்வியைப் பெறாமகள் இவ்வளவு நீட்டிக் கேட்கவில்லை. திரை அணைந்த பின் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு, “தோக்கிறதுக்கெண்டாலும் அவங்க போனாங்கதானே, பெரியம்மா” என்றாள்.

பெரியம்மா மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று விளக்கைப் போட்டார். கண்ணாடியை அணிந்து கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார். “பாதுகாவலர்” என்ற சொல்லின் கீழிருந்த புள்ளிக்கோட்டில் கையொப்பமிட்டார். அன்றிரவு தங்கையிடம் தொலைபேசியில் அவர் கூறியது சுருக்கமானது: பரீட்சை வைகாசியில், தெரிவு அடுத்த கிழமை, இரண்டுக்கும் நாளிருக்கிறது, இருட்டினால் தாமே சென்று அழைத்து வருவார். தங்கை கோபித்தாள். இரு தினங்கள் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, சப்பாத்து வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொன்னாள்.

தெரிவிற் பெறாமகள் முதற் பதினொருவருள் வரவில்லை. மேலதிக ஆட்டக்காரியாகவே சேர்க்கப்பட்டாள். மட்டக்களப்பில் ஆடச்சென்ற அணியுடன் அவளும் சென்றாள். அங்கு எத்தனை நிமிடம் களமிறக்கப்படுவாளென எவரும் உறுதி கூறவில்லை. அதிகாலையில் பேருந்து குறித்த நேரத்துக்கு வந்தது. பெரியம்மா அது புறப்பட்டு, வளைவில் திரும்பி, கண்ணுக்கு மறையும்வரை தரிப்பிடத்திலேயே நின்றார். பின்பு குடையை மடக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.