வீட்டிலே சரி, வெளியிலே பிழை

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலராசிரியர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைக்க எம்மினும் மூத்தோர் பலர் உளரே என்று எண்ணினோம். எமக்குச் சொல்லத்தக்கதாய் இருந்தது எமது பிழையொன்றே. அது பழைய மாணவர் சங்கத்துக்கு நாம் இணையத்தளம் அமைத்தபோது நேர்ந்தது. பிறர்க்குப் பயன்படுமாயின் தன் பிழையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

பயிற்சிக் கலாசாலையில் நாம் பயின்றது தமிழ் கற்பிக்கும் முறை. கணினித் தொழில் அன்று. எனினும் பழைய ஆசிரியர்களின் வரலாறுகளையும் படங்களையும் திரட்டித் தளமொன்றில் ஏற்றித் தருமாறு சங்கத்தார் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயரத் தொடங்கியபோது, எத்தனையோ வீடுகளிற் படங்களும் ஏடுகளும் கைவிடப்பட்டன. எஞ்சியவை தூர தேசங்களிற் பெட்டிகளுக்குள்ளே கிடந்தன. அன்பர்கள் அவற்றைப் படியெடுத்து அனுப்பினர். அவற்றுள் ஒன்று, எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் பெருந்தகை தம் இளமைக் காலத்தில் மாணவரை நாடகத்துக்குப் பழக்கியபோது எடுத்த படம். அவரிடமே அதன் பிரதி இருக்கவில்லை.

மூன்று மாதங்கள் எமது வீட்டுக் கணினியில் உழைத்தோம். எழுத்துப்பிழை ஒன்றும் நேராவண்ணம் மும்முறை வாசித்துத் திருத்தினோம். ஒவ்வொரு பக்கமும் திறந்தது. ஒவ்வொரு படமும் தன் இடத்தில் விளங்கியது. விழாவுக்கு முதல்நாள் இரவு எல்லாவற்றையும் சேவையகத்துக்கு ஏற்றினோம். முகப்புப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்து, மனநிறைவோடு உறங்கினோம்.

மறுநாள் மாலை ஆசிரியரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எண்பதைக் கடந்த அவர் பிறநாட்டிலே மகளுடன் வாழ்கிறார். "தம்பி, எழுத்தெல்லாம் வாசித்தேன். நல்லாய் எழுதியிருக்கிறாய். படம் இருக்கவேண்டிய இடத்திலே வெறுங் கட்டந்தான் தெரியுது. என்ரை கண்தான் மங்கிப் போச்சோ?" என்றார்.

எமது கவனக்குறைவுக்கு அவர் தமது கண்ணைக் குற்றஞ் சாட்டினார். அச்சொல் எம்மைச் சுட்டது. "ஐயா, பிழை என்னுடையது" என்று சொல்லிக் கணினிமுன் அமர்ந்தோம்.

இணையப் பக்கத்தினுள்ளே படம் இருப்பதில்லை. இன்ன கோப்புறையிலுள்ள இன்ன பெயருடைய படத்தை இவ்விடத்திற் காட்டுக என்னும் குறிப்பு மாத்திரமே அதில் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும் இணைப்பும் அத்தகையதே. குறிப்பு வழுவினால் படம் சேவையகத்தில் இருந்தும் இல்லாததேயாகும். எமது தளத்தில் அக்குறிப்பு மூவகையால் வழுவியிருந்தது.

முதலாவது, பல பக்கங்களிற் படத்தின் முகவரி எமது கணினியின் சீ என்னும் வட்டிலிருந்தே தொடங்கியது. பக்கத்தைச் சேமிக்கு முன்னரே படத்தைச் செருகியமையால், பக்கம் அமைக்கும் மென்பொருள் அம்முழு முகவரியையும் எழுதிவிட்டது. பிறநாட்டிலுள்ள ஒருவர் எமது வீட்டு வட்டை எங்ஙனம் எட்டுவார்? ஏட்டுச் சுவடியொன்றில் "இதற்கடுத்த மூன்றாம் ஏட்டிற் காண்க" என்று எழுதியிருப்பின், சுவடி எவ்வூருக்குச் சென்றாலும் அக்குறிப்பு பொருந்தும். "என் வீட்டுக் கிழக்கு அறைப் பரணிற் காண்க" என்று எழுதியிருப்பின், சுவடி வீட்டைவிட்டு நீங்கியவுடன் அது பொருளற்றதாகும். ஆதலின், தளத்துக்குரிய கோப்புகள் யாவற்றையும் ஒரே கோப்புறையினுள் அடக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள்ள தொடர்பை மாத்திரமே முகவரியாக எழுதல் வேண்டும். கோப்புறை முழுவதாக இடம்பெயர்ந்தாலும் அத்தொடர்பு கெடாது.

இரண்டாவது வழுவே ஆசிரியரின் படத்தை மறைத்தது. எமது கணினி விண்டோஸ் முறைமையில் இயங்குவது. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து வரினும் சிறிய எழுத்து வரினும் அது வழக்கமாக ஒன்றாகவே கொள்ளும். நாம் ஏற்றிய சேவையகமோ, பெரும்பாலான சேவையகங்களைப் போல, லினக்ஸ் முறைமையில் இயங்குவது. அதற்கு அவை வெவ்வேறு எழுத்துகள். கணினியின் எண்குறியிற் பெரிய ஏ 65, சிறிய ஏ 97. படத்தின் பெயர் பெரிய எழுத்தில் முடிந்திருக்க, நாம் பக்கத்திலே சிறிய எழுத்தில் எழுதியிருந்தோம். லகர ளகர ழகர வேறுபாட்டுக்காக மாணவரின் கொப்பிகளிலே எத்தனை முறை சிவப்பு மையாற் கோடிட்டிருப்போம்! அதே வகைப் பிழையை எமது கொப்பியிற் காணாது விட்டோம்.

மூன்றாவது, தமிழ்ப்பற்றினால் விளைந்த வழு. சில கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டிருந்தோம். ஒருங்குறியிற் கொ என்னும் எழுத்தின் கொம்பையும் அரவையும் ஒரே குறியாகவும் பதியலாம். இரண்டாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கோப்பைத் தேடும் சேவையகத்துக்கு வெவ்வேறாகும். மேலும், க என்னும் ஒரெழுத்து இணைய முகவரியிலே ஒன்பது குறிகளாக விரியும். அதனை மின்னஞ்சலிற் படியெடுத்து அனுப்பும்போது முகவரி நீண்டு இடையிலே முறிதலுமுண்டு. ஆகவே கோப்பின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தாலும் எண்ணாலும் அமைத்து, இடைவெளி வேண்டுமிடத்துச் சிறு கோடிட்டு, தமிழைப் பக்கத்தின் உள்ளே நிறைவாக எழுதுதலே தக்கதெனத் தெளிந்தோம்.

வண்ணார்பண்ணையில் 1849 இல் அச்சுக்கூடம் நிறுவிய நாவலர் பெருமானின் பதிப்புகள் பிழையின்மைக்குப் பேர்பெற்றவை. அச்சுப்படி திருத்திய எவரும் ஓர் உண்மையை அறிவர். எழுதியவன் தன் பிழையைக் காண்பது அரிது. விடுபட்ட சொல்லை அவன் மனமே நிரப்பி வாசித்துவிடும். எமது கணினி செய்ததும் அதுவே. முகவரி வழுவிய இடங்களில் எல்லாம் தன் வட்டிலிருந்த படத்தை எடுத்து வைத்து, எமது குறையை எமக்கே மறைத்துவிட்டது. வீட்டிலே சரியாயிருந்தமை தளத்தின் திறமன்று, வீட்டின் தயவு.

அன்றுமுதல் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டோம். ஏற்றுமுன் கோப்புறை முழுவதையும் வேறொரு கணினிக்குப் படியெடுத்து அங்கே திறந்து பார்க்கிறோம். அறுந்த இணைப்புகளைத் தேடித்தரும் மென்பொருளை ஒருமுறை ஓடவிட்டு, அதன்பின் நாமும் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்க்கிறோம். திருத்தங்களை வீட்டுப் படியிலேயே செய்து ஏற்றுகிறோம். சேவையகத்திலுள்ள படியிற் கைவைப்பதில்லை. அங்ஙனம் வைத்தால் இரு படிகளும் பாடபேதமுடைய இரு சுவடிகளாகிவிடும். ஏற்றியபின் பிறர் கைத்தொலைபேசியிலே திறந்து பார்க்கிறோம். வெளிவந்த பக்கத்தின் பெயரைப் பின்னர் மாற்றுவதில்லை. உலகளாவிய வலையை 1989 இல் முன்மொழிந்த ரிம் பேர்னர்ஸ்-லீ, முகவரிகள் மாறாதிருத்தல் வேண்டுமென 1998 இல் வற்புறுத்தி எழுதினார். யாரோ ஒருவர் அம்முகவரியைக் குறித்து வைத்திருப்பார் அல்லவா?

எல்லாவற்றையும் திருத்தி முடிக்க ஐந்து இரவுகள் சென்றன. ஆறாம் நாள் ஆசிரியரை அழைத்து மீண்டும் பார்க்குமாறு வேண்டினோம். நெடுநேரம் அவரிடமிருந்து பேச்சு எழவில்லை. பின்னர் இடப்புறமிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினார். மூன்றாவதாக நின்ற சிறுவனின் பெயரை எவரும் அறியாமையால் அவ்விடத்தை நாம் வெறுமையாக விட்டிருந்தோம். ஆசிரியர் அப்பெயரைச் சற்றும் தயங்காது சொன்னார். அவனது ஊரையும், நாடகத்தில் அவன் ஏற்ற வேடத்தையும் சொன்னார்.

அன்றிரவே அப்பெயரை எழுதி ஏற்றினோம். வெறுங் கட்டம் அப்படியே இருந்திருப்பின் அச்சிறுவன் பெயரற்றவனாகவே இருந்திருப்பான். கேட்கத்தக்கவர் ஒருவரே, அவரும் தம் கண்ணையே நொந்துகொண்டு இருந்திருப்பார்.

பழைய மாணவராகிய அன்பர்கள் தத்தம் ஊர்களிற் கோவிலுக்கும் வாசிகசாலைக்கும் இத்தகைய தளங்கள் அமைத்து வருகின்றனர். அவர்களிடம் யாம் வேண்டுவது ஒன்றே. உலகுக்குக் காட்டுமுன், உங்கள் வீட்டை அறியாத ஒருவரின் கண்கொண்டு அதனை ஒருமுறை காணுங்கள்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!