பின்பெஞ்சில் மெம்பர்

பாறசாலை தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கேரள வார்டு. பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். தலையில் கட்டிய தோர்த்தை அவிழ்த்து முகம் துடைத்தபடி, வெட்டுக்கத்தியை வாசலில் சாய்த்துவிட்டு நேராக வேலையிடத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. சுவரில் மலையாள நோட்டீஸ். அதன் கீழே மரச்சீனி விலையைப் பற்றித் தமிழில் பேச்சு. 1956-இல் விளவங்கோடு அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. உறவுக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

2024-இல் நடந்த தொழிலுறப்பு, அதாவது வேலை உறுதித் திட்டத்தின், சோசியல் ஆடிட் கிராமசபை அது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், 17-ஆம் பிரிவில், இந்தத் தணிக்கையை கிராமசபையின் கையில் கொடுத்தது. அதற்கான நெறிமுறையில், இந்தச் சபைக்குப் பஞ்சாயத்துத் தலைவரோ வார்டு மெம்பரோ தலைமை ஏற்கக் கூடாது என்று இருந்தது. அந்த விதியை யார் போட்டாரோ, அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர். மெம்பர் பின்பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்.

முதலில் போன தடவை சொன்ன குறைகள் என்ன ஆயின என்று வாசித்தார்கள். பாதி நடந்திருந்தது, பாதி நடக்கவில்லை. நடக்காததையும் அதே குரலில் வாசித்தது நன்றாக இருந்தது. பிறகு மஸ்டர் ரோல். பெயர், வேலை செய்த நாள், நாளுக்கு 346 ரூபாய் வீதம் கூலி. தன் பெயர் வரும்போது ஒவ்வொருத்தியும் லேசாக நிமிர்ந்தாள்.

"ஆர்க்காவது பராதி உண்டா?" என்று ஓவர்சியர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சாரே." நான்கைந்து குரல்கள் சேர்ந்தே வந்தன. கேட்டவருக்கும் அது போதுமாக இருந்தது. பேனாவை மூடினார்.

டீச்சர் விடவில்லை. "தோட்டுக்கரை வேலைல மத்தியானம் எங்க உக்காந்து கஞ்சி குடிச்சிய?"

"ரப்பர் மூட்டுல டீச்சர்."

"மழை வந்தா?"

பதில் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு அம்மச்சி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். இடி வாங்கியவள், வேலையை மேற்பார்க்கும் மேட்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "தார்ப்பாய் மேட்டு வீட்டுல இருக்கு" என்றாள்.

ஹாலில் அத்தனை தலைகளும் திரும்பின, சொன்னவளை நோக்கியல்ல, மேட்டை நோக்கி. மேட்டும் அயல்கூட்டத்துப் பெண்தான். ஆனால் ஆஜர் போடுவது அவள். நாளைக்கும் ஒரே வரப்பில்தான் நிற்க வேண்டும்.

உண்மை சொன்னவனை என்ன செய்தார்கள் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய கதை அல்ல. நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, தான் ஆசிரியராக இருந்த ‘ஸ்வதேசாபிமானி’ பத்திரிகையில் திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைப் பிய்த்து எழுதினார். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று அறிய திவானுக்கு அதைவிட மலிவான வழி இருந்திருக்காது. 1910 செப்டம்பர் 26 அன்று பிள்ளை நாடு கடத்தப்பட்டார், அச்சகம் பறிமுதல். 1916-இல் கண்ணூரில் இறந்தபோது வயது நாற்பதுகூட ஆகவில்லை. பத்திரிகை முதலாளி வக்கம் மௌலவியைத்தான் நான் அதிகம் நினைப்பேன். ஆசிரியர் எழுதுவதில் கை வைக்காமல் இருந்ததற்கு அவர் கொடுத்த விலை முழு அச்சகம். அப்படிப்பட்ட முதலாளிகள் அப்போதும் குறைவு.

இதே ஊர்க்காரர் ஜி. ராமச்சந்திரனுக்கு வேறு விதமாக வாய்த்தது. சாந்திநிகேதன் மாணவராக 1924-இல் டில்லியில் காந்தியைப் பார்த்தார். காந்தி உண்ணாவிரதம் முடித்துத் தேறிக்கொண்டிருந்த சமயம். எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார் இளைஞர். தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. அப்படியானால் அந்த மெஷினைச் செய்ய ஆலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், ஆனால் அது அரசின் கையில் இருக்கட்டும் என்று காந்தி ஒரு படி இறங்கி வந்தார். கேட்டவர் பிற்பாடு காந்திகிராமத்தைக் கட்டியவர்களில் ஒருவரானார்.

டீச்சர் மேட்டைத் திட்டவில்லை. "அந்தத் தார்ப்பாயை அங்க கொண்டுவர என்ன செய்வ, மக்களே?" என்றுதான் கேட்டார். அதன்பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது. வேலையிடத்துக்கு வண்டி போகாது. ரோடு வரைக்கும் ஆட்டோ பிடித்தால் காசு அவள் கையிலிருந்து. இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆட்டோ கூலி, மினிட்ஸில் முதல் குறையாக ஏறியது. தார்ப்பாய் என்று சொன்னவளின் பெயர் ஏறவில்லை. வேண்டாம் என்று டீச்சர்தான் கை காட்டினார்.

பிறகு தானாக வரத் தொடங்கியது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு மட்டும் இருப்பது. வேலை எப்போதும் ஒரே பக்கத்து ஓடைக்கரையிலேயே நடப்பது. அந்தப் பக்கம் யாருடைய நிலம் என்று யாரோ மெல்லச் சொல்ல, எல்லாரும் பின்பெஞ்சைப் பார்த்தார்கள். மெம்பர் தலையைச் சொறிந்தார். "அது என் மச்சான் புரையிடம்தான். எழுதிக்கோ சாரே" என்றார். ஓட்டு வாங்கத் தெரிந்தவர் என்பதால் சொன்னாரா, நேர்மையாகவா, எனக்குத் தெரியாது. எழுதப்பட்டது, அது போதும்.

தீராமல் நின்றது போட்டோ விவகாரம்தான். காலையும் மத்தியானமும் வேலையிடத்தில் எல்லாரையும் நிறுத்தி மேட்டு மொபைலில் படம் ஏற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரி முதல் பொதுப் பணிகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் ரேஞ்ச் கிடைக்காமல் மத்தியானப் படம் ஏறாத ஒரு நாளின் கூலி போயிற்று. "அது நம்ம கையில இல்லம்மா, மேல சொல்லணும்" என்றார் ஓவர்சியர்.

"மேலன்னா எங்க சாரே?" தார்ப்பாய்க்காரிதான் கேட்டாள்.

பிளாக், ஜில்லா, திருவனந்தபுரம், டில்லி என்று அவர் அடுக்கினார். நாலையும் அப்படியே மினிட்ஸில் எழுதச் சொன்னாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டும் வரை அவள் உட்காரவில்லை.