வால் சக்கரம்

கோப்பில் ஒரு தேதி முரண்பட்டாலும் உறக்கம் கொள்ளாதவன் நான். அக்குணம் பொழுதுபோக்கிலும் விடவில்லை. மகனின் பள்ளிக் கண்காட்சிக்காக ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 போர் விமானத்தைப் பால்சா மரத்தில் செதுக்கினேன். அவ்வகையில் முதன்முதலாக ஜெட் விசையால் மட்டும் பறந்த 'வி3' முன்மாதிரிதான் வேண்டுமென்பது அவன் ஆசை. மூக்கின்கீழ்ச் சக்கரமும் வைத்தாயிற்று. அதன் பின்னரே, தில்லி நூலகம் ஒன்றில் பழைய நிழற்படமொன்று கண்ணில் பட்டது. வி3 வாலடியில் சக்கரம் கொண்டு, மூக்கை வானோக்கி உயர்த்தி நின்றது! மூக்குச் சக்கரம் பின்வந்தவற்றுக்கே அமைந்ததாம்.

1942 ஜூலை 18 அன்று லைப்ஹைம் ஓடுபாதையில் அதனைச் செலுத்தியவர் ஃபிரிட்ஸ் வென்டல். வால் தாழ்ந்திருந்ததால் இறக்கைகள் காற்றை மறைத்தன; வாலை எழுப்ப வேண்டிய பலகைகள் பயனற்றுப் போயின. மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் அவர் பிரேக்கை மெல்லத் தட்டினார். வால் எழுந்தது, விமானமும் எழுந்தது. பறக்க விரைபவன் பிரேக்கைத் தொடுவதா! எண்ணி எண்ணி வியந்தேன்.

மறுநாள் கண்காட்சி. "யாருக்கப்பா தெரியப் போகிறது?" என்றான் மகன், கண் கலங்கி. உண்மைதான். ஆயினும் அன்றிரவே மூக்குச் சக்கரத்தை அறுத்தெடுத்தேன். வாலடியில் அதனைப் பொருத்தி முடித்தபோது மணி இரண்டு. பசை உலரும்வரை அவனும் உறங்கவில்லை.