ஒரு ஸ்க்ரூ தளர்ந்தா..!

மெக்கானிக்கல் மூணாவது வருஷம். மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். அலுமினியப் பட்டையில் லேசரைப் பொருத்தி, சுவரில் ஒரே புள்ளியில் நிறுத்தணும். அவ்வளவுதான். ஆனா, ஒருமுறை கழற்றி மாட்டினா புள்ளி டூர் கிளம்பிடும்!

'டேப் போட்டு ஒட்டிடலாம் மச்சான். ரிவ்யூவில யாரு கழற்றப் போறாங்க?' என்றான் ரூம்மேட். தலையாட்டிட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் பழைய பிரிட்டிஷ் ஸ்னைப்பர் துப்பாக்கிகள் பற்றிப் படிச்சேன். தூக்கம் போச்சு!

1915. முதல் உலகப் போர். ஜெர்மன்காரங்க ஸ்கோப் வெச்சு சுட, பிரிட்டிஷ்காரங்களும் அவசரமா லீ என்ஃபீல்டில் ஸ்கோப் மாட்டினாங்க. எங்கே தெரியுமா? இடது பக்கம் தள்ளி! நேர் மேலே வெச்சா, அஞ்சு தோட்டா கிளிப்பை மேலிருந்து திணிக்க முடியாதே. விளைவு? பதுங்குகுழி இரும்புத் தகட்டின் சின்ன ஓட்டையில் குழல் நுழையும்... ஸ்கோப் முன்னால் தகடு மறைக்கும்! ஹெஸ்கெத் பிரிச்சர்ட் என்ற அதிகாரி சோதிச்சப்ப, பல ஸ்கோப்புகள் குறியே தப்பி இருந்துச்சு. 1916-ல் அவர் பிரான்ஸில் ஸ்னைப்பர் பள்ளியே ஆரம்பிச்சார்.

இரண்டாம் போரில் வந்தது 'நம்பர் 4 (டி)'. ப்ரென் மெஷின்கன்னுக்காக உருவான 'நம்பர் 32' ஸ்கோப்பை இதில் மாட்டினாங்க. 1942-லிருந்து லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 25,000-க்கும் மேல் செஞ்சு கொடுத்தது. ரிசீவரில் ரெண்டு இரும்பு பேட். ஸ்க்ரூவும் முறுக்கி, சால்டரும் பண்ணினாங்க. பிராக்கெட்டைக் கையால் திருகி மாட்டலாம். ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே. கிளிப் வசதி போச்சு, தோட்டாவை ஒண்ணொண்ணாத்தான் போடணும். பரவாயில்லைன்னு விட்டாங்க! ஸ்கோப் நம்பரைத் துப்பாக்கிக் கட்டையிலேயே குத்தி வெச்சாங்க. ஜோடி மாறினா குறி காலி!

கணக்குப் போட்டேன். 10 செ.மீ. இடைவெளியில் ரெண்டு பிடிமானம். ஒண்ணு 0.1 மி.மீ. நகர்ந்தா, 100 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. விலகல்!

குஷியா ரூம்மேட்டிடம் சொன்னேன். 'அந்த 10 செ.மீ.ல ஒருத்தன் பிழைச்சிருப்பான்ல?' என்றான். சுருக்குன்னுச்சு.

பதில் தெரியலை. டேப்பை மட்டும் பிச்சுட்டு, ரெண்டு ராத்திரி அரம் போட்டோம். ரிவ்யூவில் சார், 'கழற்றி மாட்டு' என்றார். புள்ளி 5 மி.மீ. தள்ளி நின்னுச்சு. 'இன்னும் தேய்க்கணும் சார்' என்று உண்மையைச் சொன்னோம். மார்க் கம்மிதான், வருத்தமில்லை.

ரூம்மேட் கேள்விதான் உறுத்துது. நாளைக்கு வேலையில் என் கைக்கு வர்ற டிராயிங் எதுக்குன்னு கேட்பேனா பாஸ்?