மாடர்ன் பிரெட்டும் பெயர் மறந்த பேக்கரிகளும்

தமிழ்நாட்டில் பிரெட் என்பது ரொம்ப நாள் காய்ச்சல்காரர்களின் சாப்பாடாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், கூடவே ஒரு பிரெட் பாக்கெட். உடம்பு நன்றாக இருக்கும் பையன் பிரெட் கேட்டால், "ஏண்டா, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்! அந்தப் பாக்கெட்டின் மேல் பல வீடுகளில் பார்த்த பெயர் 'மாடர்ன்'.

அது அரசாங்க பிரெட் என்பது இன்று பலருக்குத் தெரியாது. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 1965இல், மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியா உதவியது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று பெரிய நகரங்களில் ஆலைகள் வந்தன. வைட்டமின் சேர்த்த பிரெட்டை சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் கொடுப்பதுதான் நோக்கம்.

இன்னொரு கூத்தும் உண்டு. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியதும், அதற்குப் பதிலாக ஒரு குளிர்பானம் தயாரிக்கும் வேலை இந்த பிரெட் கம்பெனியிடம் வந்தது. 'டபுள் செவன்' என்று பெயர். ஜனதா ஆட்சி போன பிறகு அதுவும் மெல்ல மறைந்துவிட்டது.

பிரெட்டின் பெயர் மட்டும் மறையவில்லை. 2000 ஜனவரியில் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்குகளை ஹிந்துஸ்தான் லீவர் 105.45 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நிர்வாகத்தோடு சேர்த்து தனியாருக்குக் கைமாறிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் இதுதான். மீதி 26 சதவீதம் 2002இல் போனது. 2016இல் எவர்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2021இல் மெக்சிகோவின் குரூப்போ பிம்போ வாங்கியது. இத்தனை கை மாறியும் மாடர்ன் என்ற பெயர் பிழைத்துக்கொண்டது. ஏன்? அந்தப் பெயருக்கு ஒரு விலை இருந்தது.

தெருமுனை பேக்கரிக்கு அப்படி ஒரு விலை இல்லை. இத்தனைக்கும் சட்டம் அதன் பக்கம்தான் இருந்தது. பிரெட் தயாரிப்பு 1977 முதல் சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2015இல்தான் அந்த ஒதுக்கீட்டை எடுத்தார்கள். ஆனால் பல பேக்கரிகள் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டன. ராத்திரி முழுக்க கண்விழித்து மாவு பிசைய ஆள் கிடைப்பதில்லை. விறகு விலை ஏறிவிட்டது. பெரிய கம்பெனி பாக்கெட் நாலைந்து நாள் தாங்கும். விறகடுப்பில் சுட்ட பிரெட் இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவார்கள். கடைசியில் அடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்தை மொபைல் கடைக்கு வாடகைக்கு விடுவார்கள். தேங்காய் பன்னும் பொறையும் வெண்ணெய் பிஸ்கட்டும் அந்த அடுப்போடு போயின.

கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. நற்பெயரின் மதிப்பு. இந்தியக் கணக்கியல் தரம் 26இன்படி, ஒரு வியாபாரம் தானே சம்பாதித்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகப் புத்தகத்தில் எழுத முடியாது. அந்த வியாபாரத்தை வேறொருவர் காசு கொடுத்து வாங்கினால்தான் அது கணக்கில் ஏறும். விதியில் நியாயம் இருக்கிறது; இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தன் பெயருக்குத் தானே கோடிகளில் விலை போட்டுக்கொள்வார்கள். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நாற்பது வருஷம் ஒரு தெருவுக்கே பன் சுட்டவரின் நற்பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறாமலே முடிந்துபோகிறது. கடையை விற்றாலும் பணம் மனைக்குத்தான், பெயருக்கு இல்லை.

மாடர்னின் கதையை அரசாங்க ஆவணங்களிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். தெருமுனை பேக்கரியின் கதை வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. கடையின் பெயர் என்ன, எந்த வருஷம் மூடினார்கள், அங்கே எது நன்றாக இருக்கும் என்று அவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் குறித்து வைக்கலாம். பெரிய வேலை ஒன்றுமில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.