ஓர் எஃப், இரண்டு எஃப்

சென்னையில் சத்யம் இன்ஃபோவே. பெயரைச் சுருக்கி ‘சிஃபி’ ஆக்கிக்கொண்ட கம்பெனி. 1999-ல் சிஃபிநெட் டாட் காம் என்ற டொமைன் பதிவு.

பின்னாலேயே பெங்களூரில் இன்னொரு சிஃபிநெட் டாட் காம். நடுவில் ஓர் எஃப் கூடுதல். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பதிவு செய்யும் கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. ஓரெழுத்து மாறினாலும் வேறு பெயர். காசு கட்டினால் கொடுத்துவிடும்.

சத்யம் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு சொன்ன விளக்கம்: எங்கள் ஐந்து பேருடைய முதலெழுத்துகளைக் கோத்தோம், அந்தப் பெயர் வந்தது. வரிசையும் அப்படியே அமைந்துவிட்டது, பாருங்கள்.

கீழ்க்கோர்ட்டு தடை போட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி போட்டது. ஓர் எஃப்புக்கு மூன்று கோர்ட்டு.

டொமைன் சண்டைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. டிரேட்மார்க் சட்டத்தை வைத்துத்தான் பார்த்தார்கள்.

பனாவிஷன். அமெரிக்க சினிமா கேமரா கம்பெனி. 1995-ல் தன் பெயரில் டொமைன் வாங்கப் போனால், டென்னிஸ் டோப்பன் என்பவர் முந்திவிட்டிருந்தார். தளத்தைத் திறந்தால் இல்லினாயில் உள்ள பனா என்ற ஊரின் படங்கள். வானத்திலிருந்து எடுத்தவை.

ஊர் நிஜம். படங்களும் நிஜம். பெயருக்குக் கேட்ட விலை 13,000 டாலர்.

கம்பெனி மறுத்ததும் பனாஃப்ளெக்ஸையும் பதிவு செய்தார். அதுவும் அவர்களுடைய பிராண்டுதான். அந்தத் தளத்தில் இருந்தது ஒரே சொல்: ‘ஹலோ’.

(கம்பெனி போட்ட வழக்கில் தோற்றார். 1998-ல் அப்பீலிலும் தோற்றார். எனக்கு அந்த ஹலோ பிடித்திருக்கிறது.)

1999-லிருந்து டொமைன் சண்டைக்குக் கோர்ட்டுக்குப் போகாமலே நடுவரிடம் புகார் கொடுக்கலாம். ஒரே நடுவர் போதுமென்றால் கட்டணம் 1,500 டாலர். பதில் சொல்ல 20 நாள். ஜெயித்தாலும் நஷ்டஈடு கிடையாது, பெயர் மட்டும் கைமாறும்.

கனடாவில் 17 வயதுப் பையன் மைக் ரோ. பெயரோடு ‘சாஃப்ட்’ சேர்த்து ஒரு டொமைன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் தர முன்வந்தது 10 டாலர். அவன் கேட்டது 10,000. கேட்டதே அவனுக்கு எதிரான ஆதாரமாகிவிட்டது. பத்து டாலருக்கே ஒப்புக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளையாக இருந்திருப்பான் போல.

2004-ல் சமரசம். எக்ஸ்பாக்ஸும் கிடைத்தது.

உஸி நிசான். வட கரோலினா. நிசான் என்பது குடும்பப் பெயர். 1980-ல் அந்தப் பெயரில் கார் ரிப்பேர் தொழில் நடத்தினார். அப்போது அமெரிக்காவில் நிசான் கம்பெனியின் கார்கள் டட்சன் என்ற பெயரில்தான் ஓடின.

1994-ல் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்காக நிசான் டாட் காம் பதிவு. 1999-ல் கார் கம்பெனி வழக்கு. கேட்டது ஒரு கோடி டாலர். பல வருஷம் இழுத்தது. பெயர் அவரிடமே நின்றது. 2020-ல் கொரோனாவில் இறந்துபோனார்.

பாடகர் ஸ்டிங் 2000-ல் தன் பெயருக்காகப் புகார் கொடுத்துத் தோற்றார். யாரும் புழங்குகிற சாதாரண ஆங்கிலச் சொல் என்றார் நடுவர். எதிர்த்தரப்பு ஆளுக்கும் இணையத்தில் அதுதான் பட்டப்பெயராம்.

அதே வருஷம் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தன் பெயருக்காகப் புகார் கொடுத்து ஜெயித்தார்.

ஸ்டிங்குக்கு வீட்டில் வைத்த பெயர் கோர்டன் சம்னர்.