கஞ்சிக்கு நின்ற வரிசை

சென்ற ஆண்டு வரலாற்றுப் பாடத்திற்காக, அயர்லாந்து மக்களையும் உக்ரேன் மக்களையும் பேரரசுகள் ஆண்ட விதத்தை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். ஒப்புமைகள் கைக்கெட்டிய தூரத்திற் கிடந்தன. 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரிற் கருகல் நோய் விழுந்தது. தொடர்ந்த ஆண்டுகளிற் பத்து இலட்சம் பேர் வரையில் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அவ்வாண்டுகளிலும் அந்நாட்டுத் தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டேயிருந்தன. உக்ரேனில் 1932-33 இல், மாஸ்கோ விதித்த தானியக் கொள்முதல் குடியானவனின் குதிரைத் துடைத்தது. கூட்டுப்பண்ணை வயலிற் கதிர் பொறுக்கியவனையுந் தண்டிக்க 1932 ஆகஸ்டிற் சட்டம் பிறந்தது; பசித்தவர் எல்லை கடவாதபடி 1933 சனவரியில் வழி மறிக்கப்பட்டது. மொழியுந் தப்பவில்லை. சார் மன்னன் 1876 இல் எம்ஸ் நகரிற் பிறப்பித்த ஆணை, உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுவதை ஏறக்குறைய முற்றாகத் தடுத்தது. இவற்றை நிரல்பட எழுதி, நல்ல புள்ளியை எதிர்பார்த்திருந்தேன்.

கட்டுரையைத் திருப்பித் தந்த விரிவுரையாளர், "தம்பி, அந்த 1876 இலை நாங்கள் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தனாங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

விடை தெரியாமையால் நூலகம் புகுந்தேன். அது தாது வருடம். தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் பற்றிய காலம். புகையிலையைத் திருவிதாங்கூருக்கு விற்று, அரிசியை வெளியிலிருந்து தருவித்து உண்டது நம் குடாநாடு. கடலுக்கப்பால் நெல் இல்லையென்றால் இங்கும் உலை கொதியாது. 1877 இல் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தொடங்கிப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். அரசாங்க அதிபர் துவைனத்தின் ஆட்சியைக் கண்டித்தும் எழுதினார். நாவலரின் சாதிநோக்கு இன்று நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் அந்தத் தொட்டியை மறப்பது நன்றியன்று.

இன்னொரு செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தை இலண்டன் திறைசேரியிலிருந்து நடத்தியவரும், அப்பஞ்சத்தை இறைவன் திருவுளத்தின் செயலாகக் கண்டு எழுதியவருமான சாள்ஸ் றெவெலியன், 1859 இற் சென்னையின் ஆளுநராக வந்தார். பேரரசுக்குக் கடல்கள் வெறும் நடைபாதைகளே.

அயர்லாந்தில் மதமாற்றத்தை நாடிய சிலர், கத்தோலிக்க ஏழைகளைத் தம் சபைக்கு இழுக்கச் சூப்பைக் கருவியாக்கினர். சூப்புக் குடித்தவர் என்ற வசை, அவ்வாறு மாறியோரின் சந்ததியையும் நெடுங்காலம் பின்தொடர்ந்தது. இதனை அம்மம்மாவுக்கு ஒருநாள் மாலை கதையாகச் சொன்னேன். அவர் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

அம்மம்மா கஞ்சி குடிப்பதில்லை. காய்ச்சலிலும் பாணே கேட்பார். அதனை ஒரு பிடிவாதமென்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

"நானும் நிண்டனான் ராசா," என்றார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததே, அதன் பின்னர் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த நாள்களிற் கஞ்சிக்கு வரிசை. "எங்கடை வளவிலை கூலிக்கு வந்த ஆக்கள் எனக்கு முன்னாலை. பின்னாலையும் அவையள்தான். சீலைத் தலைப்பாலை முகத்தை மூடிக்கொண்டு நிண்டன். வாளியைக் குடுக்கேக்கை, ஒருத்தி, அம்மா நீங்கள் முதல்லை வாங்குங்கோ எண்டாள். அந்தக் கஞ்சி தொண்டைக்குள்ளை இறங்கேல்லை."

பசியைவிட அந்த மரியாதையே அவரைச் சுட்டதென்று பின்னரே உணர்ந்தேன். உக்ரேனில் அப்பஞ்சத்தைப் பற்றி வாய்திறப்பதை அரசு அரை நூற்றாண்டுக்கு மேல் தடுத்தது. அம்மம்மாவை எந்த அரசுந் தடுக்கவில்லை. அவரே தம் வாயைக் கட்டிக்கொண்டார். இரண்டும் ஒன்றாகா. 1995 ஐப் பேரரசுகளின் கணக்கிற் சேர்க்கலாமா என்பதும் வேறொரு கட்டுரைக்குரிய பொருள். இங்கு அதனைத் தொடவில்லை. 1877 இல் நாவலரின் தொட்டியடியில் முகத்தை மூடி நின்றவர் எத்தனை பேர் என்பதே இப்பொழுது என்னை உறுத்துகிறது. நான் புரட்டிய நூல்கள் கொடுத்தவரின் பெயரைச் சொல்லுகின்றன. வாங்கியவரின் பெயரைச் சொல்லவில்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதப்போவதாக அம்மம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் இலையை ஆய்ந்தார்.

"எழுது. ஆனா எந்தப் பள்ளிக்கூடமெண்டு எழுதாதை. அவள் இப்பவும் அங்கைதான் இருக்கிறாள்."

எழுதவில்லை, அம்மம்மா.